கேட்டுப் பெற வேண்டிய பயிற்சி: புதுச்சேரியின் மேற்பார்வையாளர்களுக்கும் பொறுப்பு அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்



தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய தொழிற்பேட்டைகளின் ஆலைகளிலும், நகரத்தின் தனியார் மருத்துவமனைகளிலும், கடற்கரையை ஒட்டிய விடுதிகளிலும் ஒரே வகையான பதவி உயர்வு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. எந்திரத்தைத் திறம்பட இயக்கியவர் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆகிறார். நோயாளிகளைக் கனிவோடு பேணியவர் வார்டின் பொறுப்புச் செவிலியர் ஆகிறார். விருந்தினரை நன்கு வரவேற்றவர் வரவேற்புப் பிரிவின் தலைமைக்கு வருகிறார். பழைய வேலையில் காட்டிய திறமைக்காகக் கிடைக்கும் இந்தப் புதிய வேலைக்குப் பழைய திறமை மட்டும் போதுவதில்லை. நேற்றுவரை உடன் பணியாற்றியவரிடம் இன்று வேலை வாங்குவதும், தவறு செய்தவரை அவமதிக்காமல் திருத்துவதும், மேலிடத்தின் நெருக்கடியையும் கீழிருந்து வரும் குறைகளையும் ஒருசேரத் தாங்கி முடிவெடுப்பதும் அவ்வேலையின் உள்ளடக்கமாக இருக்க, அவற்றைக் கற்றுக்கொள்ளும் வழி எதுவும் பதவி உயர்வு ஆணையில் குறிப்பிடப்படுவதில்லை.

இக்குறையை நிறைவு செய்யக்கூடிய வழிகளுள் ஒன்று, அலுவலகங்களில் கோச்சிங் என்று அழைக்கப்படும் தொழில்முறைத் தனிப்பயிற்சி. அதற்கான கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று கேட்பது பேராசையோ சலுகை நாடுதலோ அன்று என்பதும், அக்கோரிக்கையை வாய்மொழி வேண்டுகோளாக விடாமல் எழுத்தில், கணக்கோடும் நிபந்தனைகளோடும் முன்வைக்க வேண்டும் என்பதும் இம்மடலின் கருத்து. சட்டம் ஓர் உரிமையைத் தராத இடத்தில் கேட்பவரின் தெளிவு ஒன்றே அவருக்குத் துணை என்பதால், எதைக் கேட்பது, ஏன் கேட்பது, எப்படிக் கேட்பது என்பவை இங்கு வரிசையாக விளக்கப்படுகின்றன.

நுழைவுத் தேர்வுகளுக்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் நடத்தப்படும் வகுப்புகளிலிருந்து இத்தனிப்பயிற்சி முற்றிலும் வேறுபட்டது. இதில் பாடத்திட்டம் இல்லை. பயிற்றுநர் ஒருவரும் பணியாளர் ஒருவரும் சில வார இடைவெளிகளில் சந்தித்து, பணியாளர் தம் வேலையில் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல்களை எடுத்துப் பேசி, பயிற்றுநரின் கேள்விகள் வழியாகத் தம் முடிவுகளைத் தாமே ஆராய்ந்து, அடுத்த சந்திப்புக்குள் செய்து பார்க்க வேண்டியதை வரையறுத்துக்கொள்கின்றனர். துறையறிவு மிக்க மூத்தவர் தம் அனுபவத்தைச் சொல்லித் தரும் வழிகாட்டலும், மனநோய்க்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவர் தரும் சிகிச்சையும் இதனின்று வேறானவை. டிமொத்தி கால்வே 1974-இல் டென்னிஸ் பயிற்சி குறித்து எழுதிய நூலிலிருந்து இம்முறையின் அடிப்படைக் கருத்துகள் பல பெறப்பட்டன. ஜான் விட்மோர் 1992-இல் எழுதிய நூல் அவற்றை நிறுவனங்களின் பணியிடத்துக்குக் கொண்டுவந்தது. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு, தன் முதல் நிலைச் சான்றுக்கு 60 மணி நேரக் கல்வியையும் 100 மணி நேரப் பயிற்றுவிப்பு அனுபவத்தையும், அடுத்த நிலைக்கு 125 மணி நேரக் கல்வியையும் 500 மணி நேர அனுபவத்தையும் கோருகிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் இத்தொழிலுக்கு இந்தியாவில் சட்டப்படியான பதிவுமுறை இல்லாததால், எவரும் தம்மைப் பயிற்றுநர் என்று அழைத்துக்கொள்ள முடியும். ஆகவே நிறுவனத்தின் பணத்தைக் கேட்பவர் பயிற்றுநரின் சான்றையும் அனுபவத்தையும் முதலில் தாமே சரிபார்ப்பது கடமையாகிறது.

இச்செலவை ஏற்க நிறுவனங்கள் தயங்குவதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில், பணியாளர் பெறும் திறன்களைப் பொதுத்திறன், தனித்திறன் என இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் பயன்படுவது பொதுத்திறன். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் எந்திரங்கள், வழக்கங்கள், வாடிக்கையாளர்கள் ஆகியவற்றோடு பிணைந்திருப்பது தனித்திறன். பொதுத்திறனுக்குப் பணம் செலவிட்ட முதலாளி, அப்பணியாளர் அதிக ஊதியத்துக்கு வேறிடம் சென்றால் செலவை இழப்பார் என்பதால், அதன் செலவு பணியாளர் மீதே விழும் என்றும், தனித்திறனுக்கான செலவை இருவரும் பகிர்ந்துகொள்வர் என்றும் பெக்கர் வாதிட்டார். பயிற்சிக்குப் பணம் கேட்கும் ஒவ்வொருவரிடமும் முதலாளி எழுப்பும் கேள்வியும் இதுவே: பயின்ற பின் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?

இக்கேள்வி நியாயமானது, ஆனால் தனிப்பயிற்சியின் இயல்பை நோக்கினால் அதன் வலிமை குறைகிறது. பட்டயப் படிப்பைப் போலன்றி, இப்பயிற்சியில் பேசப்படுவன அந்த ஆலையின் இரவு ஷிப்டில் நிகழும் மோதல், அந்த வார்டில் பணி மாற்றத்தின்போது விடுபடும் தகவல், அந்த விடுதியில் விழாக்காலத்தில் ஏற்படும் குழப்பம் ஆகியவையே. பயன் முதலில் விளைவது அந்நிறுவனத்திலேயே. பணியாளரோடு வெளியே செல்லும் பங்கும் உண்டு என்றாலும், அது முழுமையானது அன்று. பெக்கரின் பிரிவினையின்படியே பார்த்தாலும் செலவின் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்பதற்கு இது போதிய காரணமாகும்.

உலகின் சில நாடுகள் இந்தத் தயக்கத்தைத் தனிமனிதரின் வாதத் திறமைக்கு விட்டுவிடாமல் சட்டத்தால் தீர்த்துள்ளன. அவற்றுள் முதன்மையானது புதுச்சேரிக்கு அந்நியமில்லாத பிரான்சு. 1971 ஜூலை 16 அன்று, ஜாக் டெலோரின் முயற்சியால் அங்கு இயற்றப்பட்ட சட்டம், 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் மொத்த ஊதியச் செலவில் 0.8 விழுக்காட்டை 1972 முதல் பணியாளர்களின் தொடர்பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. இன்று அங்கு 11 பேருக்குக் குறைவான நிறுவனங்கள் 0.55 விழுக்காடும், ஏனையவை 1 விழுக்காடும் செலுத்துகின்றன. 2015 முதல் ஒவ்வொரு பணியாளருக்கும் தனிப் பயிற்சிக் கணக்கு ஒன்று உள்ளது. பொதுவாக ஆண்டுக்கு 500 யூரோ வீதம், 5,000 யூரோ உச்சவரம்பு வரை அதில் சேர்கிறது. வேலை மாறினாலும் கணக்கு பணியாளரோடே செல்கிறது. பணியாளரின் திறன்களையும் விருப்பங்களையும் வல்லுநர் ஒருவரோடு அமர்ந்து மதிப்பிடும் திறன் ஆய்வு என்ற ஏற்பாடும் அங்கு உண்டு. 24 மணி நேரத்துக்கு மிகாத அவ்வாய்வின் முடிவுகள் பணியாளருக்கே உரியவை, அவர் இசைவின்றி முதலாளிக்குத் தரப்படக் கூடாதவை. சிங்கப்பூரிலும் ஒவ்வொரு பணியாளருக்கும் அவர் மாத ஊதியத்தில் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு 0.25 விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாக முதலாளி செலுத்துகிறார். பிரான்சிலோ சிங்கப்பூரிலோ உறவினர் வாழும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இவை நேரில் அறிந்த செய்திகளாகவே இருக்கக்கூடும்.

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுக்கு மாறியது. ஆகவே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தபோது இந்நகரம் பிரெஞ்சுச் சட்ட எல்லையை விட்டு வெளியேறி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்குள்ள பணியாளருக்குப் பொருந்துவது இந்தியச் சட்டமே. அது பயிற்சியைக் குறித்துப் பேசும் இடங்களை ஒவ்வொன்றாக நோக்கினால், பணியில் நடுப்பருவத்தை எட்டியவர் அவற்றுள் எங்கும் இடம்பெறாததைக் காணலாம். 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கிறது. அது தொழிலில் புதிதாக நுழைவோருக்கானது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கோரும் சமூகப் பொறுப்புச் செலவில், தம் சொந்தப் பணியாளர்களின் நலனுக்கான செயல்பாடுகளைச் சேர்க்க விதிகள் இடம் தருவதில்லை. 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கர்மயோகித் திறன் வளர்ப்புத் திட்டம் அரசு ஊழியர்களுக்கானது.

எஞ்சியிருப்பது 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம். அதில் மறுபயிற்சி நிதி என்ற ஒன்று முதன்முறையாக இடம்பெற்றுள்ளது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகையை முதலாளி அந்நிதிக்குச் செலுத்த, அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர்கிறது. வேலை பறிபோன பின்னரே முதலாளியின் பணம் கற்றலுக்காக வருகிறது என்பது இதன் முதற்குறை. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வைப் பணியாளர், தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே வராததால், இம்மடலைப் பெறுவோரில் மிகப் பலருக்கு அந்த 15 நாள் தொகையும் உரியதன்று என்பது இரண்டாவது குறை. ரோடியர் ஆலை என்று அறியப்பட்டுப் பின்னர் ஏ.எஃப்.டி. ஆன பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டதைக் கண்ட இந்நகரத்துக்கு, கற்றல் என்பது வேலை இருக்கும்போதே நடக்க வேண்டியது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

உரிமை இல்லை என்பதற்காகக் கோரிக்கை எழாமல் இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் இந்நகரத்தின் வரலாறே சான்று. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர், வ. சுப்பையா உள்ளிட்டோர் வழிநடத்திய அப்போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலைநாள் இங்கு நிலைபெற்றது. உயிர் கொடுத்துப் பெற்ற அந்த உரிமையோடு ஒரு பயிற்சிக் கட்டணத்தை ஒப்பிடுவது இம்மடலின் நோக்கமன்று. இன்று சட்டமாக இருப்பவற்றுள் பல ஒரு காலத்தில் கோரிக்கைகளாகவே இருந்தன என்பதை மட்டுமே அவ்வரலாறு இங்கு உணர்த்துகிறது.

கோரிக்கையை எழுதுமுன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய முதற்செய்தி, சிக்கல் பயிற்சியால் தீரக்கூடியதா என்பதே. ஆறு பேர் தேவைப்படும் வார்டில் மூவர் மட்டுமே பணியாற்றினால், பொறுப்புச் செவிலியருக்கு எத்தனை அமர்வுகள் தந்தாலும் அக்குறை தீராது. அங்கு கேட்க வேண்டியது ஆட்கள். ஊதியம் போதாமை ஊதியப் பேச்சுவார்த்தைக்கு உரியது. பாலியல் துன்புறுத்தல் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழுவிடம் முறையிடப்பட வேண்டியது. நிர்வாகத்தின் குறைகளைப் பணியாளரின் மனப்பாங்குக் குறைகளாக மாற்றிக் காட்டுவதற்குத் தனிப்பயிற்சி பயன்படுத்தப்படுமானால், அதனை மறுப்பதே பணியாளருக்கு நன்மை.

பயிற்சியால் தீரக்கூடிய சிக்கலே என்று உறுதியான பின், கோரிக்கையைப் பணியின் மொழியில் அமைக்க வேண்டும். தன் வளர்ச்சிக்கு உதவும் என்று எழுதுவதைக் காட்டிலும், ஷிப்ட் மாற்றத்தின்போது எந்திரம் நிற்கும் நேரம், ஆறு மாதங்களில் விலகிச் சென்ற புதியவர்களின் எண்ணிக்கை, திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு, விருந்தினரின் புகார்கள் என நிறுவனத்தின் பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ளவற்றில் ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் எத்தகைய மாற்றம் எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதுவது வலுவானது. தொழிற்பேட்டைகளின் ஆலைகள் பலவற்றின் வரவேற்பறையில் மாட்டப்பட்டுள்ள ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்று இங்கு பயனுள்ள ஆதாரம். அத்தரமுறையின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.2 என்ற பிரிவு, தரத்தைப் பாதிக்கும் பணிகளைச் செய்வோருக்கு வேண்டிய தகுதியை நிறுவனம் வரையறுக்க வேண்டும், குறையிருந்தால் அத்தகுதியைப் பெறச் செய்ய வேண்டும், எடுத்த நடவடிக்கை பயனளித்ததா என்று மதிப்பிட வேண்டும், அதற்கான ஆவணங்களைப் பேண வேண்டும் என்கிறது. மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தரமுறையும் பணியாளரின் தொடர்பயிற்சியைத் தன் மனிதவள அத்தியாயத்தில் கோருகிறது. தணிக்கையாளர் வந்து கேட்கவிருக்கும் ஆவணத்துக்குப் பொருள் தருவதாக அமையும் கோரிக்கையை நிர்வாகம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது கணக்கு. எத்தனை அமர்வுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எத்தனை மாதங்களில் முடியும், மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பவை இரண்டு பயிற்றுநர்களிடமேனும் பெற்ற விலைப்புள்ளிகளோடு இணைக்கப்பட வேண்டும். வரிப்பதிவு பெற்ற பயிற்றுநரின் கட்டணத்தோடு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும்; ஆலை போன்ற வரி செலுத்தும் நிறுவனம் அதனைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், வரிவிலக்கு பெற்ற மருத்துவச் சேவைக்கு அவ்வாய்ப்பு இல்லை. விலைப்பட்டியல் நிறுவனத்தின் பெயரிலேயே வரவேண்டும் என்று கேட்பது நல்லது. அப்போது அது நிறுவனத்தின் வணிகச் செலவாக அமையும், மாறாக ரொக்கப் படியாகப் பணியாளர் கையில் தரப்பட்டால் அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகக்கூடும். அமர்வுகள் பணி நேரத்தில் நடக்குமா என்பதையும் கோரிக்கையிலேயே குறிப்பிட வேண்டும். வீட்டுப் பொறுப்புகளைச் சுமக்கும் பெண்களுக்கு, பணி முடிந்த பின் நடக்கும் பயிற்சி பெயரளவிலான வாய்ப்பாகவே முடிந்துவிடுகிறது. நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால், செலவுத் திட்டம் வகுக்கப்படும் சனவரி, பிப்ரவரி மாதங்களே கோரிக்கைக்கு ஏற்ற காலம்.

மூன்றாவது, இரகசியம். பணம் தருவது நிறுவனம், பேசுபவர் பணியாளர், கேட்பவர் பயிற்றுநர் என மூவர் இதில் இருப்பதால், எது யாருக்குத் தெரியலாம் என்பது முன்னரே எழுதப்பட வேண்டும். அமர்வுகள் நடந்தனவா, முதலில் ஒப்புக்கொண்ட இலக்குகள் யாவை என்பவற்றை நிறுவனம் அறியலாம். அறையில் பேசப்பட்டது அறையிலேயே இருக்க வேண்டும். பிரெஞ்சுச் சட்டம் திறன் ஆய்வுக்குத் தந்துள்ள பாதுகாப்பை, இங்கு மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்க ஒப்பந்தத்தின் வழியாகப் பெறலாம். அவ்வாறு எழுத மறுக்கும் நிறுவனத்தின் பணத்தில் மனம்விட்டுப் பேச எவராலும் இயலாது.

நான்காவது, பணிப்பிணை. பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும், தவறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெக்கர் சுட்டிய அச்சத்துக்கு நிறுவனங்கள் கண்ட விடை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை, விஜயா வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கியின் ஆட்சேர்ப்புச் செலவும் அப்பதவியின் தகுதியும் அங்கு கருத்தில் கொள்ளப்பட்டன. ஆகவே பிணைப்பத்திரங்கள் யாவும் செல்லாதவை என்று எண்ணிக் கையெழுத்திடுவது ஆபத்தானது. உண்மையில் செலவான கட்டணத்துக்கு மேற்படாமலும், ஓராண்டுக்கு மிகாமலும், பணியாற்றும் ஒவ்வொரு மாதத்துக்கும் கடன் குறைந்துகொண்டே வருமாறும் அமைந்த நிபந்தனையை ஏற்கலாம். கல்விச் சான்றிதழ்களின் மூலப்படிகளை அடகாகக் கேட்டால் ஏற்கலாகாது.

மறுப்பு வரக்கூடும். அப்போது கட்டணத்தில் பாதி, அல்லது பணி நேரம் மட்டும், அல்லது ஐந்தாறு பொறுப்பாளர்களுக்கு ஒரே பயிற்றுநர் நடத்தும் குழு அமர்வு என இறங்கிவரக்கூடிய படிகளை முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பது நன்று. இருபது, முப்பது பேர் பணிபுரியும் சிறு ஆலை தனியாக ஏற்க முடியாத செலவை, ஒரே தொழிற்பேட்டையின் ஐந்து ஆலைகள் சேர்ந்து எளிதில் ஏற்கலாம். தனித்தனியாகக் கேட்பதைக் காட்டிலும் சேர்ந்து கேட்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு: தனிப்பயிற்சி இன்று பெரிய நிறுவனங்களில் உயர்நிலை அலுவலர்களுக்கே பெரிதும் வழங்கப்படுகிறது, ஆனால் ஒரு நிறுவனத்தில் நாள்தோறும் மிகுதியான மனிதர்களோடு பேசி வேலை நடத்துவோர் மேற்பார்வையாளர்களும் பொறுப்புச் செவிலியர்களுமே. அவர்கள் பெறும் தெளிவு அவர்களுக்குக் கீழ்ப் பணிபுரியும் ஒவ்வொருவரின் நாளையும் மாற்றுகிறது. அவர்கள் தடுமாற்றத்தின் விலையை ஊதியத்தில் கடைசியில் இருப்பவரே செலுத்துகிறார்.

ஆகவே இம்மடலைப் பெறுவோர் ஒவ்வொருவரும், வரும் நிதியாண்டின் செலவுத் திட்டம் முடிவாகும் முன், பணியில் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல், பயிற்றுநரின் தகுதி, கட்டணக் கணக்கு, இரகசியமும் பிணையும் குறித்த நிபந்தனைகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, முதலில் தம் நேர் மேலதிகாரியிடமும் பின்னர் நிர்வாகத்திடமும் தேதியிட்டுக் கொடுத்து, எழுத்திலேயே பதில் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. தொழிற்சங்கங்களும் பணியாளர் சங்கங்களும் தம் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஊதியம், போனசு, விடுப்பு ஆகியவற்றோடு பயிற்சிச் செலவையும் ஓர் இனமாகச் சேர்க்க வேண்டும். எந்திரத்தின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்கும் முதலாளிகள், அந்த எந்திரத்தை இயக்குவோரை வழிநடத்தும் மனிதருக்கும் ஒதுக்கக் கடமைப்பட்டவர்கள். அக்கடமையை அவர்களுக்கு நினைவூட்டும் பொறுப்பு, கேட்கத் தயங்கி நிற்போரின் கையில் உள்ளது.